பெயருக்குப் பின்னால் பி.ஏ.

அன்பு மகளுக்கு,

இன்று காலை உன் அம்மா பேசினாள். பக்கவாதத்தில் போன பேச்சு திரும்புகிறது என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

பேச வைத்தவர் எம்.ரெட்டியபட்டி தங்கபாண்டி. அம்மா இந்தப் பக்கம் தொடங்கிய இரண்டு பெண்கள் கல்லூரிகளில் ஒன்றான திருச்சுழிக் கல்லூரியில் அவர் மகள் கடைசி வருஷம் படிக்கிறாள். அவளுடைய கல்யாணப் பத்திரிகையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார். மணப்பெண் பெயருக்குப் பின்னால் இப்போதே பி.ஏ. போட்டிருந்தது.

அம்மா அதையே பார்த்தாள். பிறகு குழறலாக, "பரீட்சை எழுதிட்டாளா?" என்றாள்.

"கல்யாணத்துக்கப்புறம் எழுதிக்கிருவா மேடம்" என்றவர், அப்போதுதான் உறைத்து, வராந்தாவைப் பார்த்துக் கத்தினார்: "ஏய், மேடம் பேசிட்டாக!"

"கத்தாதப்பா. தேதிய மாத்து."

"மாத்திருவோம் மேடம். இன்னொருக்கா என்னய வையிங்க, கேப்போம்!"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படிப்பை விட்டுவிட்டு நீ செய்துகொண்ட கல்யாணத்துக்கு அம்மா வராததை நானும் மறக்கவில்லை. இதை எழுதும்போது "யாருக்கு?" என்றாள். சொன்னேன். நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்றைக்கு நீ வருவாய் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா