சவுந்தரநாயகம் அன்ரி வீட்டு வாசல்

கொட்டாஞ்சேனை,
02.10.2024

துஷாந்தினிக்கு,

என் அம்மாவை வேலைக்காரி ஆக்கியது நீ.

நம் பட்ச்சின் பத்தாவது ஆண்டு மலருக்கு நீ எழுதிய கட்டுரையை குறூப்பில் வாசித்தேன். கம்பஸின் கடைசி இரண்டு வருடங்கள் பற்றி எழுதியிருக்கிறாய். வெள்ளவத்தையில் சவுந்தரநாயகம் அன்ரி வீட்டு மாடியில் நாம் ஒரே அறையில் போர்டிங் இருந்தது, கரண்ட் போன அன்று பரீட்சைக்குப் படித்தது, எல்லாம் உண்மைதான். பிறகு எழுதுகிறாய்: ‘ஒரு தீபாவளிக்கு ஜெயராணியின் அம்மா மலையகத்திலிருந்து ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார். எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.’

யார் அந்த எல்லோரும்? மேசையில் நீயும் நானும் அன்ரியும் இருந்தோம். அம்மா குசினிக்குள் நிலத்தில் இருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் நம்முடைய சாப்பாட்டுக் கோப்பைகளையும் அவர்தான் கழுவினார். அன்ரி கழுவச் சொன்னார், அம்மா கழுவினார்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அன்ரி அறை கொடுக்கமாட்டார் என்று என்னிடம் சொன்னது நீ. அப்பா திருகோணமலையில் ஆசிரியர் என்று சொல்லச் சொன்னது நீ. கடற்கரையில் ரயில் பாதையோரம் நடக்கும்போதெல்லாம் என் தோட்டத்து ‘ஆமா’வை உங்கள் ‘ஓம்’ ஆக்கியது நீ. தீபாவளிக்கு நான் வீட்டுக்குப் போகாததால் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஹட்டன் பஸ் ஏறி வந்து நின்றார். நான் மேலே அறையில் படித்துக்கொண்டிருந்தேன். நீ ஓடிவந்து, “வீட்டில வேலை செய்யிற ஆள் எண்டுதான் அன்ரி நினைச்சிருக்கிறா. வாயைத் திறக்காதை” என்றாய். நான் கீழே வந்தபோது அம்மா என்னைப் பார்த்து, “சாப்பிடுங்க பாப்பா, ஆறிப்போயிரும்” என்றார். பெற்ற தாய் என்னை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டார். அதையும் நீதானே சொல்லிக்கொடுத்தாய்?

அந்தப் பந்தியைக் கட்டுரையிலிருந்து எடு. உன் நம்பரை பிளொக் பண்ணியிருக்கிறேன். பதில் இருந்தால் எழுது.

ஜெயராணி

*

வெள்ளவத்தை,
09.10.2024

அன்பின் ராணி,

உன் கையெழுத்தைக் கண்டதும் முதலில் சந்தோஷப்பட்டேன். உறையைத் திறக்கும் மட்டும்தான் அது. ஒரே பஸ்ஸில் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு தபாலில் சண்டை பிடிக்கிறோம். சின்னவனுக்கு மூன்று நாள் காய்ச்சல், வங்கியிலும் லீவு தரவில்லை, அதனால்தான் பதில் பிந்தியது.

கட்டுரையை எடுத்துவிட்டேன். ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால், அப்படி நடந்திருக்க வேண்டும் என்று இவ்வளவு காலமும் நினைத்து நினைத்து, கடைசியில் எழுதியும்விட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு இல்லை.

அறைக்காகப் பொய் சொல்லச் சொன்னது நான்தான். என் ஆட்கள் உன் ஆட்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தபடியால்தான் சொன்னேன். அதை மாற்ற வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆட்களுக்குள் உன்னை நுழைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஆனால் வேலைக்காரி என்ற அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை ராணி. இத்தனை வருடமும் நான் சொன்னதாகவே நீ நினைத்திருக்கட்டும் என்று விட்டிருந்தேன். உன் அம்மாவை வெறுப்பதை விட என்னை வெறுப்பது உனக்கு இலேசு என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். மணிச் சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். பின்னாலேயே அன்ரியும் வந்து, “ஆர் நீ? ஆரைப் பாக்க வந்தனீ?” என்று கேட்டார். உன் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவராகவே, “ஜெயராணி பாப்பா வீட்டுல வேல செய்றவங்கம்மா. பலகாரம் குடுத்துவிட்டாங்க” என்றார். அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்து “அப்பிடியோ?” என்றார். நான் “ஓம் அன்ரி” என்றேன். “அப்ப பின்பக்கத்தால வரச்சொல்லு” என்றார்.

நான் சொன்னது அந்த ஓம் மட்டும்தான். அது சின்னது என்று சொல்லவரவில்லை. உன் அம்மாவுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

அம்மா எப்படி இருக்கிறார்? கொட்டாஞ்சேனைக்கு வந்தால் என்னைப் பார்க்க விடுவாயா?

உன்,
துஷா

*

கொட்டாஞ்சேனை,
14.10.2024

துஷா,

உன் கடிதத்தை வேலைத்தலத்தில் வைத்து வாசித்திருக்கக் கூடாது. கொள்ளுப்பிட்டியில் ஏசி அறைக்குள் இருந்து தோட்டப் பெண்களின் உரிமைகள் பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறவள் நான். அன்று ஒரு வரியும் எழுதவில்லை.

நான் அறையில் இருந்தேன் என்று எழுதினேன் அல்லவா? அது பொய். மணிச் சத்தம் கேட்டு நானும் இறங்கிவந்தேன். படியின் வளைவில் நின்றேன். கதவில் அம்மாவின் சேலையைக் கண்டேன், முந்தின தீபாவளிக்கு எடுத்த நல்ல சேலை. அன்ரி “ஆர் நீ?” என்று கேட்டதும் மேலே ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு வாசலில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நீதான் சொல்லியிருப்பாய் என்று முடிவு செய்தேன். அந்த முடிவோடு பத்து வருடம் நிம்மதியாக இருந்தேன்.

இப்போது ஒன்றை மட்டும் சொல். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார் என்கிறாய். அப்போது எங்கே பார்த்துக்கொண்டு நின்றார்? படி உனக்குப் பின்னால், அவருக்கு நேரே. நான் திரும்பி ஏறியதைக் கண்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னாரா? அல்லது வீட்டையும் அன்ரியின் முகத்தையும் பார்த்து அவராகவே விளங்கிக்கொண்டாரா? முதலாவது என்றால் அவரைக் குசினிக்கு அனுப்பியது நான். இரண்டாவது என்றால் இந்த நாடு. இந்த நாட்டோடு கோபித்துக்கொண்டு என்னால் வாழ முடியும்.

அம்மாவிடமே கேள் என்பாய். கேட்டுப் பார்த்தேன். “எந்த வீடு? எனக்கு நெனவில்ல பாப்பா” என்றார். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அவர் எதையும் மறந்துவிடுவார்.

எழுது.

ராணி

*

கொட்டாஞ்சேனை,
28.10.2024

துஷா,

பதில் இல்லை. சின்னவனுக்குத் திரும்பவும் காய்ச்சலோ என்று நினைத்தேன். நேற்று உன் நம்பரைத் திறந்து அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. பிறகு நீ போட்ட புதுப் படத்தில் சின்னவன் சைக்கிள் ஓடுவதைக் கண்டேன்.

தோட்டத்தில் அம்மாவின் வேலை முடிந்துவிட்டது. நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தீபாவளி முடிந்த கையோடு என்னிடம் வருகிறார், இனி என்னோடுதான். வீட்டுக்கார ஐறீன் அக்காவிடம் சொன்னேன். அம்மா எந்த ஊர் என்று கேட்கவில்லை, தண்ணீர் பில் கூடும் என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு அழுதுவிட்டேன், அவர் பயந்துபோய் பில்லைப் பிறகு பார்ப்போம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக்குப் போய் அம்மாவை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவர வேண்டும். அதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டும். நீ இரக்கப்பட்டுப் பேசாமல் இருக்கிறாய் என்றால் அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். அன்று ஒரு ஓம் சொன்னாய். இன்றைக்கும் ஒரு சொல்லுக்கு மேல் நான் கேட்கவில்லை.

அம்மா என்னைக் கண்டாரா, இல்லையா? ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுது.

ஜெயராணி