நடுவில் இடம் விட்டு நில்லுங்கள்

பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

மூத்த பேரன் வக்கீலாகிவிட்டான், பேத்தி நீச்சலில் கோப்பை வாங்கிவிட்டாள், கடைக்குட்டி எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் என்று நான் சமைக்கும் இந்த வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

“இந்த வயதில் படம் வரைகிற வகுப்பு எதற்கு, நிறுத்து” என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்தமாட்டேன்.

போன வாரம் குடும்பத்தை வரையச் சொன்னார்கள். உங்கள் வழுக்கையைக்கூட விடாமல் வரைந்தேன். பக்கத்தில் இருந்த தையல்காரி எட்டிப் பார்த்து, “எல்லாரும் இருக்காங்க, நீங்க எங்கக்கா?” என்றாள்.

“நான் அடுப்படியில இருப்பேன்டி” என்றேன்.

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் கை ஓடவில்லை. எல்லோருக்கும் இடம் போட்ட கை எனக்குப் போடவில்லையே என்று கோபம் வந்தது. ஐந்தாம் வகுப்போடு வீட்டில் என் படிப்பை நிறுத்தியபோதும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். இனி யார் நிறுத்தச் சொன்னாலும் சிரிக்கப்போவதில்லை.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள், இங்கே வாங்கியது காதைக் கடிக்கிறது. குக்கர் கூப்பிடுகிறது, முடிக்கிறேன்.

எல்லோரும் சேர்ந்து புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நில்லுங்கள். அங்கே என்னை நானே வரைந்துகொள்கிறேன்.