இரண்டு வளையமும் ஒரு வாரும்

அன்பிற்குரிய துணைவிக்கு,

நலமே. நீயும் நம் மகளும் நலமென்று எழுதினால்தான் என் நலம் நிறைவுபெறும். மாமாவின் முழங்கால் வலி தணிந்ததா?

சென்ற வாரம் கிளை வெட்ட ஏறிய மரத்தில் இரண்டு முழம் சறுக்கினேன். அஞ்சாதே, உள்ளங்கைத் தோல் மட்டுமே உரிந்தது. என்னைத் தாங்கும் கயிறு நேரே கிளையில் உராய்ந்து சிக்கி, சட்டென்று விடுபட்டதே காரணம். கிளையைச் சுற்ற ஒரு வாரும், கயிறு வழுக்கி ஓட அதன் முனைகளில் இரண்டு வளையமும் கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு மோதிரம் கேக்குதோ? ஏறுய்யா மேல!" என்றார் மேற்பார்வையாளர்.

மறுநாள், கயிறு தேய்த்து மரப்பட்டை உரிந்ததென்று நாங்கள் வேலை செய்யும் தோட்டத்தின் உரிமையாளர் முறையிட்டார். அந்த நொடியே கழித்துப்போட்ட இடுப்புவாரும் இரும்பு வளையங்களும் என் கைக்கு வந்தன! நானே தைத்தேன். கயிறு வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. தொழிலாளியின் தோல் உரிந்தால் அது தொழில். மரத்தின் பட்டை உரிந்தால் அது குற்றம்!

இப்போது அந்த வாரைப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். "ஓனர் நின்னு பாக்குற மரத்துக்கு மட்டும் எடு, போதும்" என்பது கட்டளை.

ஆகவே எனக்கென ஒன்று தைக்கிறேன். பை தைக்கும் உன் பட்டறையிலிருந்து மெழுகுநூல் ஒரு கண்டு அனுப்பு. தையலின் முடிவில் முடிச்சை எப்படி இறுக்குவாய் என்றும் எழுது. சற்று நீளமாகவே எழுது. எதை எழுதினாலும் படிப்பேன்.

வண்டி கிளம்புகிறது, அழைக்கிறார்கள். இன்று ஏறுவது சாலையோரத்து மரம். அதன் பட்டைக்காக முறையிட எவருமில்லை.

விரைவில்,
உன்னவன்