நீ வெளியே வந்து உட்கார்ந்த ஆட்டம்

என் உயிருக்கு உயிரான தம்பி ஞானமுத்துவுக்கு,

நீ கொழும்பு மண்ணுக்குள் போய் மூன்று ஐப்பசி கடந்துவிட்டது. உன் பேர் மட்டும் ஊரில் இன்னும் நடமாடுகிறது. எவன் எதில் தோற்றாலும், "என்னலே, ஞானமுத்து ஆட்டமா?" என்று கேட்கிறார்கள். உன்னைப் பார்த்தேயிராதவர்களும் கேட்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இதை நம் சபைப் பத்திரிகைக்கே எழுதுகிறேன், எல்லாரும் படிக்கட்டும்.

மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அமெரிக்க துரை, இரு முனையும் கூர்ந்த தோல்பந்து ஒன்றோடு வந்தார். அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் அவர்கள் நாட்டுப் பந்தாட்டமாம். நான்கு ஊரார் ஆட வேண்டும், ஜெயிக்கிற ஊருக்குக் கேடயம் என்றார். விதிகளை அச்சடித்த சிறு புத்தகமும் கொடுத்தார். பாளையங்கோட்டைக்கு நீ தலைவன். புத்தகத்தைப் படித்துச் சொல்ல நான். தமிழ் வேதத்தையும் இங்கிலீஷ் வேதத்தையும் அருகருகே வைத்து நானாகவே இங்கிலீஷ் கற்றவன் என்று எனக்கு எவ்வளவு கர்வம்!

பிடிபட்டவன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நமக்குத்தான் சடுகுடு தெரியுமே. "பிடிபட்டவன் வெளிய வந்து உக்காரணும்லே" என்று சொல்லிவிட்டேன்.

அப்போது பரவிய வாந்திபேதிக்குப் பயந்து மற்ற இரண்டு ஊரும் வராததால், ஓர் ஆட்டமும் ஆடிப் பாராமலே கடைசி ஆட்டத்தில் மதுரைக்காரர் எதிரே நின்றீர்கள். பந்தோடு விழுந்த நம் ஆள் ஒவ்வொருவனும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தான். பயந்து ஓடுகிறோம் என்று அவர்கள் சிரித்தார்கள். நீ என்னிடம் ஓடி வந்தாய்.

"அண்ணே, பிடிபட்ட அவங்க ஆளு மறுபடியும் ஆடுதானே! புத்தகத்த இன்னொருக்கா பாருங்க."

"அவன் கள்ளாட்டம் ஆடுதான். நீ நேர்மையா ஆடுலே!"

கடைசியில் பதினோரு பேருக்கு எதிரே நீ ஒருவன். நீயும் விழுந்தாய். எழுந்து, என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, வெளியே வந்து உட்கார்ந்தாய். அவர்களுக்கு அறுபத்துச் சொச்சம், நமக்கு ஒன்றுமில்லை.

துரை காரணம் கேட்டார். "நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்தேன்" என்றாய். நான் பக்கத்திலேயே நின்றேன். ஏன் தம்பி என்னைக் காப்பாற்றினாய்? நான் ஏன் வாய் திறக்கவில்லை? அந்தக் கேலி தாங்காமல்தானே கப்பலேறினாய்? காய்ச்சலில் போய்விட்டாய் என்று கடுதாசிதான் திரும்பி வந்தது.

துரைமேல் எனக்குக் கோபம் இன்றும் தீரவில்லை. ஆள் குறையக் குறைய, நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது அவர் குற்றம்தான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நீ சுமந்தது அவருடைய குற்றத்தை அல்லவே.

போன வாரம் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கறையான் அரித்தது போக அந்தப் பக்கம் மிச்சமிருந்தது. இப்போது விளங்கியது. விழுந்தவன் எழுந்து மறுபடியும் ஆடலாமாம், தம்பி. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

இனி எவன் உன் பேரைச் சொல்லிச் சிரித்தாலும், சந்தையானாலும் கோயில் வாசலானாலும் அவனை நிறுத்துவேன். "அது அவன் ஆட்டம் இல்லலே, என் ஆட்டம்" என்று சொல்லுவேன். மூச்சு உள்ளவரை சொல்லுவேன்.

அன்றைக்கு உன் பக்கத்தில் நின்றும் பேசாதிருந்த
உன் அண்ணன்