இரண்டு வல்லரசுக்கும் ஒரே மாடு

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தக அட்டையை வைத்திருக்கிறார்கள். அட்டை என்றால் உன் பத்திரிகையின் நடுப்பக்கம்தான். யாரோ ஒரு பிள்ளை அதைக் கணக்கு நோட்டுக்குப் போட்டு ஒரு வருஷம் பையில் சுமந்திருக்கிறது. மடித்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. மூலையில் பெயர்ச்சீட்டு ஒட்டிய கோந்துக் கறை. அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது என்று எழுதினால் பொய். முதலில் வந்தது கோபம். அட்டைக்குக் கீழே சிறிய பலகையில் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் எழுதியிருந்தார்கள்: மொழிபெயர்த்தவர் யார் என்று தெரியவில்லை.

உனக்கு விவரம் சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடி ஆறு வருஷமாகிறது. அதற்குள் பனிப்போர் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற சாமான் ஆகிவிட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் நம் ஊருக்குள் இலவசமாக இறக்கிய பத்திரிகை, காலண்டர், சினிமா போஸ்டர் எல்லாவற்றையும் மண்டி ஹவுஸ் பக்கம் ஒரு காட்சிக்கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். பொறுப்பு நித்யா என்ற பெண். முப்பது வயதிருக்கும். தில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்தக் காலத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மயூர் விஹாருக்கு டாக்ஸி அனுப்பி என்னை வரவழைத்தாள்.

நுழைந்ததும் ஆளுயரப் பலகை. இந்திய மனங்களை வெல்ல இரண்டு வல்லரசுகள் போட்டியிட்ட கதை என்று தலைப்பு. நம் மனசு என்ன புறம்போக்கு நிலமா, முதலில் வேலி போட்டவன் எடுத்துக்கொள்ள? அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே திரும்பிப் போயிருப்பேன். முட்டிவலிக்கு ஒரு நாற்காலி தேடி உள்ளே போனதில்தான் உன் பக்கத்தைப் பார்த்தேன்.

வியட்நாமில் விழும் அமெரிக்கக் குண்டுகளைப் பற்றிய கட்டுரை அது. பக்கத்திலேயே என் பத்திரிகையின் ஒரு பக்கம், பிராகில் நுழைந்த ரஷ்ய டாங்கிகளைப் பற்றி. இரண்டும் ஒரே மாதத்து இதழ்கள். ஒரு நிபுணர் விளக்கம் எழுதியிருந்தார். ரஷ்யர்களின் தமிழ் அடுப்படிக்கு நெருக்கமானதாம், எளிய மக்களை உணர்ச்சியால் இழுக்குமாம். அமெரிக்கர்களின் தமிழ் நிதானமானதாம், படித்தவர்களின் அறிவோடு பேசுமாம். இரண்டு சித்தாந்தங்களும் இரண்டு நடைகளை உண்டாக்கினவாம்.

அந்த இரண்டு பக்கத்தையும் எழுதியவள் நான். ஒரே வாரத்தில், ஒரே மேஜையில், ஒரே பேனாவால். உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் இது.

லக்ஷ்மிபாய் நகர் பால் பூத் வரிசையில்தான் நாம் முதலில் பேசினோம். காலை ஐந்தரை மணி, மார்கழிக் குளிர், எனக்கு முன்னால் சாம்பல் நிற ஸ்வெட்டரில் நீ. உன் அண்ணன் ஏதோ அமைச்சகத்தில் கிளார்க், என் வீட்டுக்காரர் இன்னொரு அமைச்சகத்தில் கிளார்க். நீ திருநெல்வேலி, நான் கும்பகோணம். நீ ரஷ்யர்களின் தமிழ்ப் பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளர், நான் அமெரிக்கர்களின் தமிழ்ப் பத்திரிகையில். வேலையைச் சொன்னதும் இரண்டு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். எதிர்ப்பக்கத்து ஆட்களோடு பழகக் கூடாது என்று உன் ஆபீஸிலும் சொல்லியிருந்தார்கள், என் ஆபீஸிலும் சொல்லியிருந்தார்கள். பூத்காரர் பாட்டிலை நீட்டினார். நீ அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாய்.

"ஏன் பையா, இவ்வளவு தண்ணியா இருக்கு?" என்று உன் அரைகுறை ஹிந்தியில் கேட்டாய். மாடு சரியில்லை, வெயில் காலத்துத் தீவனம் சரியில்லை என்று அவர் ஏதோ சொன்னார். மார்கழியில் வெயில் காலத்துத் தீவனம்.

நீ என் பக்கம் திரும்பினாய். "பால்ல தண்ணிய ஊத்திட்டு மாட்டக் கொற சொல்லுதான் பாத்தியாட்டி," என்றாய். அன்றிலிருந்து நாம் சிநேகிதிகள். யார் சப்பைக்கட்டு கட்டினாலும் நமக்கு அந்த வரிதான். உன் அண்ணி, என் மாமியார், மந்திரிகள் எல்லோரும் மாட்டைக் குறை சொன்னவர்கள்தான்.

இந்த நிபுணர்களுக்கு அந்தக் காலத்தின் அசிங்கம் ஒன்றும் தெரியவில்லை. சமாதானம் என்ற சொல்லைக் குறைத்துக்கொள் என்று என் மேலதிகாரி சொன்னார், அது உங்கள் பக்கத்துச் சொல்லாம். உன் ஆபீஸில் சுதந்திரம் என்று எழுதினால் எதிலிருந்து என்று கேட்பார்கள் என்றாய் நீ. சமாதானம் ஒருவனுக்கு, சுதந்திரம் ஒருவனுக்கு என்று நம் மொழியைப் பாகப்பிரிவினை செய்தார்கள். கேட்க ஆள் இல்லை. கரோல் பாக்கில் ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நம் ஆண் எழுத்தாளர்கள், கலை மக்களுக்கா தனிமனிதனுக்கா என்று மேஜையைக் குத்திச் சண்டை போடுவார்கள். இரு தரப்பும் வீசிய சொற்களில் பாதி நாம் காய் நறுக்கிக்கொண்டே உருவாக்கியவை. நாம் பின்வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் புத்திசாலிகள். ரஷ்யத் தாள் கெட்டி, கிழியாது. அமெரிக்கத் தாள் வழவழப்பு, தண்ணீர் பட்டாலும் துடைத்துவிடலாம். மழைக் காலத்துக்கு எது, வெயில் காலத்துக்கு எது என்று பார்த்து அட்டை போட்டார்கள்.

நாம் மட்டும் என்ன யோக்கியம்? பிராகில் டாங்கி நுழைந்த அந்த ஆகஸ்டில் நான் உன்னைக் கேட்டேன், "ஏண்டி, இது நியாயமா?" நீ உடனே, "அப்ப வியட்நாம்ல குண்டு விழுதே, அது நியாயமா?" என்றாய். அடுத்த வாரம் நீ வியட்நாமைக் கேட்டபோது நான் பிராகைச் சொன்னேன். யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு கொலையைக் கேட்டால் இன்னொரு கொலையை எடுத்துக் காட்டுவதே பதில் என்று நமக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள். வல்லரசுகள் நம்மிடம் விட்டுப்போனதில் காலண்டர் கிழிந்துவிட்டது, இது மட்டும் கிழியவில்லை. என் பேரன் போனில் இன்றைக்கும் அதே சண்டைதான் போடுகிறான். அவன் செய்ததைச் சொன்னால், இவன் செய்யவில்லையா என்கிறான். அவனுக்கு வயது இருபத்தி இரண்டு. சோவியத் யூனியன் என்று ஒன்று இருந்ததே அவனுக்குச் சரியாகத் தெரியாது.

அதே மழைக் காலத்தில்தான் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டாய். இதழ் நின்றால் வேலை போய்விடும், நிரந்தரமில்லாத வேலை. அதைவிட முக்கியம் மாஸ்கோ. அங்கே ஒரு பதிப்பகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று உன் பெயரை எழுதி அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருஷம் மாலை வகுப்புக்குப் போய் ரஷ்யன் படித்திருந்தாய். மூல ஆசிரியர்களை நேராக ரஷ்யனிலிருந்தே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உன் கனவு. இங்கிலீஷ் வழியாக வருவதை நீ எச்சில் சோறு என்பாய்.

"கொண்டா, நான் எழுதித் தரேன்," என்றேன்.

"ஒனக்குக் கை கூசாதாட்டி? அமெரிக்காக்காரன் சம்பளத்த வாங்கிட்டு அவன வைய முடியுமா?"

"அவன் செஞ்சதைத்தானே எழுதப் போறேன்," என்றேன்.

கை கூசவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். திங்கள், செவ்வாய் உன் வியட்நாம். புதன், வியாழன் என் பிராக். அழகான கோபத்தோடு இரண்டையும் எழுதினேன். இரண்டும் நியாயமான கோபம். ஆனால் அலுப்பில் ஒரு தப்பு செய்துவிட்டேன். குண்டு போட்டுவிட்டு வியட்நாமியரைக் குற்றம் சொல்லும் அமெரிக்கா, பாலில் தண்ணீரை ஊற்றிவிட்டு மாட்டைக் குறை சொல்கிறது என்று உன் கட்டுரையை முடித்தேன். என் கட்டுரையில், டாங்கியை அனுப்பிவிட்டுப் பிராக் மக்களைக் குற்றம் சொல்லும் ரஷ்யாவும் அதே பாலில் அதே தண்ணீரை ஊற்றியது. மூலத்தில் இரண்டிலும் அந்த வரி இல்லை. பால் வரிசையில் நின்று நின்று அது என் பேனாவுக்கே பழகிப் போயிருந்தது.

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் இரண்டு பத்திரிகையும் வாங்குகிறவர். இரண்டு பக்கத்தையும் வெட்டி, இரண்டு ஆபீஸுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினார். "ஐயா, இரண்டு வல்லரசுக்கும் ஒரே மாடுதானா?" என்று ஒரே வரி.

உலகத்தையே அழிக்கிற குண்டு வைத்திருந்தவர்கள் அந்த ஒரு வரிக்கு நடுங்கினார்கள். ஒற்றர் வேலையா, யார் யாருக்குச் சொன்னது என்று இரண்டு பக்கமும் விசாரணை. உன் ஆபீஸில் நீ சொன்னாய், எழுதியது நான்தான், படுக்கையிலிருந்தே எழுதினேன், பால் பூத்தில் நான் பேசுவதை யாரோ கேட்டிருக்கலாம் என்று. எத்தனை தரம் கேட்டும் அதையேதான் சொன்னாய். வேலை போகவில்லை. மாஸ்கோ போயிற்று. பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்துவிட்டார்கள்.

என் ஆபீஸில் ஒரு தாளை நீட்டினார்கள். இங்கிலீஷில் தட்டச்சு செய்திருந்தது. ரஷ்யப் பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் இன்னாரை எனக்குத் தெரியாது, ஒருபோதும் பேசியதில்லை. உன் முழுப் பெயரும் அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். கைக்குழந்தை, குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, மாமியார் என்று காரணம் சொல்லலாம். அதெல்லாம் மாடுதான்.

மறுநாள் காலை வரிசையில் உன்னிடம் சொன்னேன். நீ இன்னும் மெலிவாகத்தான் இருந்தாய். பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாய்.

"நல்லதுதாம்ட்டி. ரெண்டு பேருக்கும் வேல போச்சுன்னா பாலுக்கு யாரு நிப்பா?" என்றாய். அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு உன்மேல் இன்னும் ஆத்திரம் தீராதது அதற்காகத்தான். ஒருநாள் நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

உன் வல்லரசு உடைந்தபோது ஆபீஸை ஒரு வாரத்தில் இழுத்துப் பூட்டினார்கள். இருபத்தைந்து வருஷம் வேலை செய்தவளுக்கு ஒரு கடிதம்கூட இல்லை. உன் மேஜையிலிருந்த ரஷ்ய அகராதியை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். எதிரி போனபின் அமெரிக்கர்களுக்கு மட்டும் எதற்குத் தமிழ்? கொஞ்ச நாளில் என் பத்திரிகையையும் நிறுத்திவிட்டார்கள். நம்மை வெல்ல வந்தவர்கள் நம்மைப் பார்த்து வரவில்லை. ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டு வந்தார்கள், ஒருவன் போனதும் மற்றவனும் போனான். ஊர் ஊராய் லட்சம் பிள்ளைகள் அட்டை போட்ட எழுத்தில் நம் பெயர் எங்கேயும் இல்லை.

இதையெல்லாம், உன் பெயரில் போன அந்தப் பக்கத்தை எழுதியது நான் என்பதைக்கூட, நித்யாவிடம் சொல்லவில்லை. பலகையைக் காட்டி, "தெரியவில்லையா? எனக்குத் தெரியும்," என்று உன் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அச்சா, ஆண்ட்டி, எழுதிக்கறேன். ஆனா ஏதாவது பேப்பர் இருக்கா? சம்பள ஸ்லிப், ஐடி கார்டு மாதிரி? ப்ரூஃப் இல்லாம லேபிள் மாத்த சார் விடமாட்டாரு."

"அவள் அண்ணன் குடும்பம் இருக்கே?" என்று போன் நம்பரைக் கொடுத்தேன். சாயங்காலமே என்னைக் கூப்பிட்டாள்.

"கேட்டேன் ஆண்ட்டி. வீடு காலி பண்றப்ப எல்லாத்தையும் பழைய பேப்பர் எடுக்கற கபாடிவாலாகிட்ட போட்டுட்டாங்களாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ அந்த வேலையில் இருந்தாய் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு தாள்தான் மிச்சம். அது என் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில், கார்பன் பிரதியாக இருக்கிறது. உன்னைத் தெரியாது என்று நான் கையெழுத்துப் போட்ட தாள். எதற்கு அதை வைத்திருந்தேன் என்று கேட்காதே. கிழிக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் எடுக்கவில்லை. எண்பத்தொரு வயதில் பேத்தி வயதுப் பெண்ணிடம் அதைக் கொடுக்க வேண்டுமா என்று இருந்தது. யாரோ செய்த கண்காட்சியில் யாரோ எழுதிய பலகை, எனக்கென்ன என்றும் நினைத்தேன். பிறகு என் கோபத்தையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. தெரியவில்லை என்று அந்தப் பெண் எழுதியதற்கு ஊர் கூட்டிச் சத்தம் போட்டேனே, தெரியாது என்று முதலில் எழுதிக் கொடுத்தவள் யார்? மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்துப் போனேன்.

இங்கிலீஷ் என்பதால் நித்யா மளமளவென்று படித்தாள். படித்து முடித்து என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு, "ஆண்ட்டி, இதையும் பெட்டிக்குள்ள வைக்கட்டுமா? உங்களுக்கு வேண்டாம்னா வைக்கல," என்றாள்.

"வை," என்றேன். எந்தப் பக்கத்தை யார் எழுதியது என்பதையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். நிபுணரின் விளக்கப் பலகையை அவளே கழற்றினாள்.

இன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். புதுப் பலகையில் உன் பெயர் இருக்கிறது, ஹிந்தி, இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும். அதன் கீழே என் கையெழுத்தோடு அந்தத் தாள். ரொம்ப நேரம் நின்றிருப்பேன் போல. காவலுக்கு இருந்தவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னருகே போட்டார். பலகையில் உன் பெயரைக் காட்டி, "மாதாஜி, ஆப் இன்கோ ஜான்தீ ஹைம்?" என்று கேட்டார். இவரை உங்களுக்குத் தெரியுமா என்று.

ஐம்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் என் ஆபீஸில் கேட்டது இதே கேள்வியைத்தான்.

"ஜான்தீ ஹூம்," என்றேன். தெரியும் என்று.