கடற்சிங்கம் கூப்பிடுகிற விதம்

நேற்று தோல்பைப் பட்டறையின் டிராயரைக் கவிழ்த்து, பசை நாற்றத்துக்கு நடுவில் என் பழைய போனைத் தேடி எடுத்தேன். உன் மகள் நஸ்ரின் கேட்டிருந்தாள்: “சாச்சா, வாப்பா அனுப்புன வாய்ஸ் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?” அவள் அம்மாவின் போன் லோக்கல் ரயிலில் திருட்டுப் போய்விட்டது. என்னுடையதைச் சார்ஜில் போட்டால் உயிரே வரவில்லை. ரிப்பேர்காரனும் கையை விரித்துவிட்டான். எத்தனை அனுப்பினாய், பாவி! ஒன்றையாவது பத்திரப்படுத்தினேனா?

சரக்குக் கப்பலில் சமையல்காரனாய் நீ போன ஊர்களில் சிலி நாட்டுத் துறைமுகம்தான் உனக்கு உயிர். எல்லாம் கடற்சிங்கங்களுக்காக. மீன் அறுக்கிறவர் கையையே பார்த்துக்கொண்டு கிடக்குமாம், நம் சயான் கோலிவாடா மீன்சந்தைப் பூனைகளைப் போல. ஆணுக்குப் பிடரி உண்டு, தலையில் சுண்டுவிரல் நுனியளவு காது. வீடியோவைப் பார்த்து நான் சீல் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு நிமிஷம் திட்டி வாய்ஸ் அனுப்பினாய். சீலுக்கு வெளிக்காது கிடையாது, தரையில் வயிற்றால்தான் ஊரும். இது முன்துடுப்பை ஊன்றி நடக்கும் என்றாய்.

ஒன்பது மாதம் கழித்து நம் பேட்டை லேபர் கேம்பில் உன் வீட்டுக்கு நீ வந்தபோது நஸ்ரினுக்கு மூன்று வயது. உன்னைக் கண்டதும் ஓடிப்போய் அம்மாவின் போனைக் காதில் வைத்து, “வாப்பா, வீட்டுல யாரோ வந்துருக்காங்க” என்று உன்னிடமே புகார் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளைத் தூக்கித் தரப்போன உன் மனைவியைத் தடுத்தாய். “புடிச்சி இழுக்கக் கூடாது. கடற்சிங்கத் தாய் நாள்கணக்கா கடல்ல மேஞ்சிட்டு வரும். கரையில அத்தன குட்டி கெடக்கும். நின்னு கூப்புடும். அதோட குட்டிதான் பதில் குடுக்கும்,” என்றாய். சந்துக்கு இறங்கிப்போய் அந்தப் போனுக்குக் கூப்பிட்டாய். பேசிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறி வந்தாய். வாசலில் போனை அணைத்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. அவள் போனைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். பிறகு வந்து காலைக் கட்டிக்கொண்டாள். நீ தேம்பித் தேம்பி அழுதாய். நானும்தான்.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. நஸ்ரின் பத்தாவது படிக்கிறாள். ஹிந்தி சரளம்; தமிழ் வாசிக்கத்தான் வராது. வாய்ஸ் ஒன்றுகூட இல்லை என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? அதனால்தான் இதை எழுதுகிறேன். நாளை நானே அவளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். நீ பேசுகிற இடத்தில் உன்னை மாதிரியே இழுத்துப் பேசிப் பார்த்தேன். வரவில்லை, மக்கா. எனக்குள்ளே உன் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. அவள் காதில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழி தெரியவில்லை.