கவிழ்த்து வைத்தும் வாசித்தாள்

ஜூன் 3

அண்ணா,

இல்லை, போனில் சொல்ல முடியாது. போனில் நீ "ம், ம்" என்பாய். உன் கவனம் வேறெங்கோ இருக்கும். மின்னஞ்சலுக்கு உன் இயந்திரம் பதில் போடுகிறது. போன மாதம் வண்டுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். "உங்கள் மகிழ்ச்சியில் பங்குகொள்கிறோம்" என்று வந்தது. அதனால்தான் காகிதம்.

என் மகள் வண்டு உன் மேடைக்கு வரமாட்டாள். இருபதாம் தேதி வெளியீட்டு விழாவில் நானூறு பேர் முன்னால் உன் வாசிப்புச் செயலியைக் கையில் பிடித்து அவளால் வாசிக்க முடியாது. காரணம் எளிது. அவளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை.

உன் வரைபடம் வேறு சொல்கிறது. ஏழு வாரத்தில் அவள் மதிப்பெண் நாற்பதிலிருந்து தொண்ணூற்று நான்கு. அழகான கோடு. சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

நேற்று நடந்தது இது. சலவைக் கடைக்கு மேல் இருக்கும் அந்த அறை. நீ "அட்டைக்காரி" என்று கிண்டல் செய்கிறாயே, அந்தப் பயிற்சி டீச்சர். நான்கு பிள்ளைகளை ஒரே மேசையில் உட்காரவைத்துச் சொல்லித்தருவதால்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆளுக்கு ஓர் அட்டை, நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும்படி வெட்டிய ஓட்டை. வண்டு உன் டேப்லெட்டைப் பெருமையாகக் காட்டினாள். உன் செயலி ஒரு வரி சொன்னது, அவள் திருப்பிச் சொன்னாள். "அபாரம்!" என்றது. டீச்சர் டேப்லெட்டைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

வண்டு நிறுத்தவில்லை. மர மேசையைப் பார்த்துக்கொண்டே கடைசி வரி வரை வாசித்தாள்.

கவிழ்ந்து கிடந்த டேப்லெட்டும் "அபாரம்!" என்றது.

உன் தங்கை

ஜூன் 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்ததில் மகிழ்ச்சி. உன் கவலைகளை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது. கற்றல் என்பது ஒரு பயணம். கேட்டுக் கற்பதும் கற்றலே என்பதைப் பணிவுடன் நினைவூட்ட விரும்புகிறேன். நிகழ்ச்சியில் வண்டு ஏற்கெனவே பழகிய கதையையே வாசிப்பாள் என்பதால் பதற்றத்துக்கு இடமில்லை. கார் மூன்று மணிக்கு வரும்.

இனி நானே சொல்வது: ஓட்டை போட்ட அட்டையை நம்புவே, கூடப் பிறந்தவனை நம்பமாட்டே. ஆயிரக்கணக்கான பிள்ளைங்களுக்கு இலவசமா குடுக்கப் போறேன். அந்த அம்மா எத்தனை பேருக்குச் சொல்லிக்குடுத்துடும்? நாலு பேருக்கா? யோசி.

அன்புடன்,
அண்ணன்

ஜூன் 9

அண்ணா,

முதல் பத்தியை எழுதிய மகானுக்கு என் வணக்கம். இரண்டாவதுதான் நீ. அதையும் வாயால் சொல்லியிருக்கிறாய், இயந்திரம் எழுதிக்கொண்டது. உன் கையெழுத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன்? என் கல்யாணப் பதிவேட்டில். அதுவும் ஒரு கிறுக்கல்.

நான்கு பேர் என்று சிரிக்காதே. டீச்சரும் உன் ஜாதி இயந்திரத்தைத்தான் வைத்திருக்கிறார், விரிசல் விட்ட போனில். இந்த நான்கு பேருக்கும் பிடிபட்ட எழுத்துகளை மட்டும் கொடுத்து அதைப் புதிதாக ஒரு கதை எழுதச் சொல்கிறார். தினம் வேறு கதை. பெரிய எழுத்தில் அச்சடித்து, அட்டையை வைத்து, குரல் இல்லாமல். கதைகள் படுமட்டம். நேற்றையதில் ஒரு பூனை படகு வாங்கியது. ஆனால் வண்டு அதற்குமுன் அதைக் கேட்டதில்லை. பதினொரு சொல், இருபது நிமிடம். முடித்துவிட்டு, "பூனைக்கு எதுக்கும்மா படகு?" என்றாள். உன் தொண்ணூற்று நான்கில் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

நேற்றிரவு யோசித்தேன். இவ்வளவு படித்த ஆட்களை வைத்திருப்பவன் ஏன் இப்படி ஒன்றைச் செய்தான்? ஒரு குரல் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்ல?

பிறகு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

உனக்கு ஆறாம் வகுப்பு, எனக்கு நான்காம் வகுப்பு. உன் பாடத்தை நான் சத்தமாக வாசிப்பேன், நீ கண்ணை மூடிக் கேட்பாய். இரண்டு தடவை போதும் உனக்கு. அண்ணன் மூளையே மூளை என்று வீடே பூரித்தது. நீ செய்திருப்பது செயலி இல்லை, அண்ணா. என்னைச் செய்திருக்கிறாய்.

சமூகப்பாட வாத்தியார் உன்னை எழுப்பி முப்பதாம் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். நீ முப்பத்தொன்றாம் பக்கத்தை ஒப்பித்தாய், விரலை வரியில் ஓட்டிக்கொண்டே. வகுப்பு சிரித்தது. ஒரு வாரம் நீ பள்ளிக்குப் போகவில்லை. அறுபது பேர் சிரித்ததற்கே ஒரு வாரம். நானூறு பேரில் ஒருவர் எழுந்து, "பாப்பா, இந்த வரியைப் படி" என்று ஒரு தாளை நீட்டினால்? அவளுக்கு எத்தனை வாரம்?

ஒரு பக்கம், உன் கையால் எழுதி அனுப்பு. அனுப்பினால் அவளை நானே மேடைக்குக் கூட்டி வருகிறேன்.

அனுப்பமாட்டாய். தெரியும்.

தங்கை

ஜூன் 16

கூட்டி வர வேண்டாம். விளம்பரத்திலிருந்து அவள் படத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

செயலியில் குரலை நிறுத்தப் பொத்தான் வைக்கச் சொன்னேன். தினம் புதுக் கதை. இருபதாம் தேதி விழா இல்லை. தள்ளிவைத்துவிட்டேன்.

ஏழு தாள் கிழித்தேன். இது எட்டாவது. வண்டுவிடம் சொல்லாதே.

ஜூன் 18

அண்ணா,

சொல்லவில்லை. காட்டினேன்.

உன் கடிதத்தின்மேல் அட்டையை வைத்து வரிவரியாக நகர்த்தினாள். முதல் வரி முடியவே நெடுநேரம். பாதியில் நிமிர்ந்து, "மாமாவும் அழிச்சு அழிச்சு எழுதியிருக்காரும்மா" என்றாள். "யாரு மாமாவுக்குச் சொல்லிக்குடுக்கிறா?" என்றும் கேட்டாள்.

தியாகம் செய்துவிட்டதாக நினைத்து மார் தட்டாதே. ஒரு பிள்ளையை ஊர் முன்னால் கேலிப்பொருள் ஆக்காமல் விட்டிருக்கிறாய், அவ்வளவுதான். உன் வரைபடத்தை இன்னும் நான் மதிக்கவில்லை. முப்பது வருடம் மற்றவர்களை வாசிக்கவைத்தே ஓட்டிய உன் கெட்டிக்காரத்தனத்தையும்தான். அதில் முதல் கூலிக்காரி நான் என்பதால் சொல்கிறேன்.

இன்று மாலை வண்டுவை வகுப்பில் விடப் போனபோது, பெரியவர்களைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று டீச்சரிடம் கேட்டேன். "நாற்காலிதான் சின்னது, முழங்கால் இடிக்கும், பரவாயில்லையா?" என்றார். வியாழன் ஐந்தரைக்கு ஓர் இடம் இருந்தது. பதிவேட்டில் உன் பெயரை எழுதிவிட்டு, சலவைக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு தடித்த அட்டை வாங்கி, ஓட்டை வெட்டி, இந்தக் கடிதத்தோடு உறையில் வைத்தேன்.

தங்கை